கலவை ரூம்

லிங்கேஸ்வரன் தன் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடப் பற்றவைத்தவன் இல்லை. ஜீப்பில் பக்கத்து ஆள் பற்றவைத்தால் முகத்தை வெளியே திருப்பிக்கொள்வான். அதனால் தேனியில் தொழிலாளர் இழப்பீட்டு விசாரணை அதிகாரி அவனைப் பார்த்து, "எத்தனை வருஷமா பீடி குடிக்கிறீங்க?" என்று கேட்டதும் அவன் மனைவி மகாராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாருடைய ஃபைலையோ மாற்றி எடுத்துவிட்டார் என்று நினைத்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பாண்டியராஜன் உட்கார்ந்திருந்தார். போடியில் 'மலைமுகடு ஏலக்காய் டீ' கம்பெனியின் முதலாளி. அவர்தான் பதில் சொன்னார்.

"சின்ன வயசுலருந்தே பழக்கம் சார். நானே எத்தனையோ தடவ வஞ்சிருக்கேன். கேட்டாத்தான? எங்க கம்பெனியில இவன் லோடு எறக்குற ஆளு. பொடி கலக்குற ரூமுக்கும் இவனுக்கும் சம்பந்தமே கெடையாது."

மகாராணி எழுந்துவிட்டாள். "பொய் சார். கம்பெனி ஆரம்பிச்ச நாள்லருந்து கலவை ரூமுக்குள்ளதான் இவருக்கு வேல. இவரு கையால கலந்த பொடிதான் சார் மலை பூராம் போகுது."

"நீங்க ஒக்காருங்கம்மா. அவரு சொல்லட்டும்." அதிகாரி லிங்கேஸ்வரன் பக்கம் திரும்பினார். "மொதலாளி சொல்றது உண்மையா?"

லிங்கேஸ்வரன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மாடிப்படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவன் பாண்டியராஜனை ஒரு தடவை பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை. பிறகு தலையை ஆட்டினான்.

"வாயத் தொறந்து சொல்லணும்."

"ஆமா சார்."

அதோடு இழப்பீட்டு மனு முடிந்துபோனது. அதிகாரி தன் முன்னால் சொன்னதை எழுதிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெளியே வந்து மகாராணி அவனைக் கைத்தாங்கலாகத் தேனி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனாள். போடி பஸ்சில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள். "ஏன் மாமா?" சொந்தத்தில் கட்டிக்கொண்டவள், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"விடு புள்ள."

"ஏன்னு கேட்டேன்."

"எங்கப்பன் செத்தப்ப எனக்குச் சோறு போட்டது அவுக வீடு. அண்ணே முகத்துக்கு நேரா எப்படி இல்லேங்குறது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புருசனுக்குச் சாவு எழுதியாகிவிட்டது, அதை டாக்டர் சொல்லிவிட்டார். அதைக்கூட அவள் எப்படியோ விழுங்கிக்கொள்வாள். ஆனால் பீடிக்குடியன் என்று பாண்டியராஜன் அரசாங்கத் தாளில் எழுதவைத்தானே, அதை அவளால் விழுங்க முடியவில்லை. வழியில் ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்று கிளம்பும்போது அவள் முடிவு செய்துவிட்டாள். பாண்டியராஜனை நடுத்தெருவில் நிறுத்த வேண்டும். சாகடிக்கக் கூடாது. நிற்கவைத்துப் பார்க்க வேண்டும்.

பாண்டியராஜனும் லிங்கேஸ்வரனும் சிலமலைக்காரர்கள். பாண்டியராஜன் முதலில் போடியில் ஏலக்காய் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். பிறகு ஏலக்காய் டீப்பொடி போட ஆரம்பித்தார். சின்னப் பாக்கெட், வெந்நீர் ஊற்றினால் டீ. காலையில் ஜீப்பில் அடைசலாக ஏறி மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது வசதியாக இருந்தது. பால் வேண்டாம், சீனி வேண்டாம். எஸ்டேட்டில் ஒரு வெந்நீர்ப் பானை இருந்தால் போதும்.

அந்தப் பொடியில் பால் கிடையாது. பாமாயிலிலும் குளுக்கோசிலும் செய்த க்ரீமர்தான். அதை அப்படியே போட்டால் டீ சாம்பல் நிறத்தில் வந்தது. ஒருமுறை குரங்கணிக் கடைக்காரர், "கழனித்தண்ணி மாதிரி இருக்குண்ணே" என்று பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஏஜென்ட் வந்தான். இரண்டு பொடிகளைக் காட்டினான்.

"இது டைட்டானியம். இது சிலிக்கா. ரெண்டும் நானோ கிரேடு சார். துகள் அவ்வளவு சின்னது, தலைமுடி கனத்துக்குள்ள ஆயிரக்கணக்குல அடுக்கலாம். மொதப் பொடியில ஒரு சிட்டிகை போட்டாப் போதும், கெட்டிப்பால் ஊத்துன மாதிரி வெளுத்துரும். ரெண்டாவதப் போட்டா மலையில எவ்வளவு ஈரக்காத்து அடிச்சாலும் பொடி கட்டி தட்டாது."

போட்டுப் பார்த்தார்கள். டீ பால்போல வெளுத்தது. ஐப்பசி மழையிலும் பொடி மணல் மாதிரி உதிர்ந்தது. வியாபாரம் மூணாறு வரைக்கும் ஏறியது.

கலப்பது லிங்கேஸ்வரனின் வேலை. மூட்டையைப் பிரித்தாலே அந்தப் பொடிகள் புகையாக எழும்பும். சிலிக்கா அப்படி ஒரு லேசு. கீழே இறங்காமல் வெளிச்சத்தில் மிதந்துகொண்டே இருக்கும். ஆரம்பத்தில் அந்த ரூம் சுவரில் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியது. ஒருநாள் பாண்டியராஜன் வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார். ஃபேனுக்குக் கீழே வேப்பமரத்து இலையெல்லாம் வெள்ளையாக இருந்தது. கிலோ என்ன விலை அந்தப் பொடி!

"டேய் லிங்கு, இது தூசியத் தள்ளலடா. என் காசத் தள்ளுது" என்றார். மறுநாள் ஃபேனைக் கழற்றி, அந்த ஓட்டையைப் ப்ளைவுட் வைத்து அடைத்துவிட்டார்கள். லிங்கேஸ்வரன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கலந்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம், காது மடல், இமை எல்லாம் வெளுத்திருக்கும். மகாராணி கேலி செய்வாள். "என்ன மாமா, இன்னைக்கும் கெழவனாகி வந்துட்டீக?"

பல வருஷம் கழித்து இருமல் வந்தது. பிறகு சைக்கிள் மிதிக்க முடியவில்லை. பிறகு வீட்டிலிருந்து தெருக்கோடிவரை நடக்க முடியவில்லை. மதுரையில் பெரிய டாக்டரம்மா ஒருவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நுரையீரல் வடுவாகி, கெட்டிப்பட்டுப் போயிருந்தது.

"என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டவர், பொடியின் பெயரைச் சொன்னதும் அதை எழுதி அடிக்கோடு போட்டார்.

"டீயில கலந்து குடிக்கிறவங்களுக்கும் இப்படி ஆகுமா டாக்டர்?" என்று மகாராணி கேட்டாள்.

"குடிக்கிறது வேற, மூச்சுல போறது வேற. வயித்துல போனா என்ன செய்யும்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. குடல் வழியா ரத்தத்துல கலக்கலாம், மரபணுவப் பாதிக்கலாம்னு சந்தேகம் இருக்கு. அந்த வெள்ளைப் பொடிய ஐரோப்பாவுல சாப்பாட்டுல சேர்க்கக் கூடாதுன்னே நிறுத்திட்டாங்க. நம்ம ஊர்ல சில பொருள்ல ஒரு அளவு வரைக்கும் போடலாம். ஆனா அடைச்ச ரூமுக்குள்ள வருஷக்கணக்கா மூச்சுல இழுத்தா நுரையீரல் தாங்காதும்மா. அதுல எனக்குப் பெரிய சந்தேகம் இல்ல."

அந்த 'ஐரோப்பா' என்ற வார்த்தையை மகாராணி அப்போது கவனிக்கவில்லை. பிறகுதான் அது அவளுக்குள் கிடந்து முளைத்தது.

மனு தோற்ற பிறகு முதலில் அவள் நேர்வழியில்தான் போனாள். டீப்பொடியைச் சோதிக்கச் சொல்லிப் புகார் கொடுத்தாள். சோதித்தார்கள். அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. பாண்டியராஜனுக்கு யார் புகார் கொடுத்தது என்று தெரியவில்லை. போட்டிக் கம்பெனிக்காரன் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அவரே வீட்டுக்கு வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு கவர். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்த லிங்கேஸ்வரனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மகாராணியிடம் சொன்னார்:

"ஆத்தா, நீ பி.காம். படிச்சவ. வீட்டுல ஒக்காந்து என்ன செய்யப் போற? நம்ம ஆபீசுக்கு வா. ஆர்டர், மெயிலு, பில்லு எல்லாம் பார்த்துக்க. ஒன் மக அனுப்பிரியா படிப்புக்கும் ஆகும்ல?"

அவர் மனசில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. குற்ற உணர்ச்சியாக இருக்கலாம். வாயை அடைக்கிற ஏற்பாடாகவும் இருக்கலாம். மகாராணி புருசன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணில் நன்றி நிரம்பி நின்றது.

"வர்றேன் மொதலாளி" என்றாள்.

தெருவில் அவளைச் சூடுசொரணை இல்லாதவள் என்றார்கள். புருசன் மூச்சைப் பறித்தவனிடமே போய்ச் சம்பளம் வாங்குகிறாள் என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆபீசில் முதல் வாரமே ஒன்றைச் சோதித்துப் பார்த்தாள். பாண்டியராஜன் தன் டீயைத் தானே குடிக்க மாட்டார், வீட்டில் பசும்பால் காபிதான் குடிப்பார் என்று அவள் நம்பியிருந்தாள். அவளே ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் கலந்து கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

அவர் ஒரே இழுப்பில் பாதி டம்ளர் குடித்தார். "அருமையா இருக்கு ஆத்தா. நான் காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு இதான். என் பேத்திக்கும் இதான், வேற டீய வாயிலயே வைக்க மாட்டா" என்றார்.

மகாராணிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. விஷம் என்று தெரிந்தே விற்கிறான் என்றால் வெறுப்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும். இவனுக்கு அது விஷமே இல்லை. லாபம், அவ்வளவுதான். ஆனால் பீடி விஷயம் பொய் என்று அவனுக்குத் தெரியும். ஃபேனைக் கழற்றியதும் அவன்தான். அது போதும் என்று அவள் தன் வெறுப்பைச் சரிபண்ணிக்கொண்டாள்.

விசாரணை நடந்த வாரம் கலவை ரூமில் புது ஃபேன் மாட்டியிருந்தார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் அதையும் கழற்றிவிட்டார்கள். லிங்கேஸ்வரன் இடத்துக்குத் தேவாரம் பக்கத்திலிருந்து பிச்சைமணி என்று ஒருவன் வந்திருந்தான். மக்காச்சோளத்தை யானை அழித்துப்போட்ட பிறகு விவசாயத்தை விட்டுவிட்டு வந்தவன். திடகாத்திரமான ஆள். சாயங்காலம் வெள்ளைப் புருவத்தோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "வர்றேங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போவான்.

ஒருநாள் அவள் கேட்டாள். "மூக்குக்கு நல்ல மாஸ்க் எதுவும் போடலையா?"

"துண்டு இருக்குல்லக்கா."

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவனை எச்சரித்தால் அவன் வேலையை விடுவான், ஏன் என்று கேட்பார்கள், தன் பெயர் வரும், தான் வெளியே போக வேண்டியிருக்கும். இன்னும் கொஞ்ச நாள்தான், எல்லாம் முடிந்ததும் இவனும் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தாள். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருஷம் ஆனது.

ஜெர்மனியிலிருந்து ஆர்டர் வந்தது இரண்டாவது வருஷக் கடைசியில். அங்கே தமிழ்க் கடைகளுக்குச் சரக்குப் போடுகிற ஒரு மொத்த வியாபாரி, போடி ஏலக்காய் டீ வேண்டும் என்று கேட்டிருந்தார். சாம்பிள் போனது. பிடித்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது நூற்று எழுபத்தொன்று என்று எண் போட்ட வெள்ளைப் பொடி, இதில் இருக்கிறதா? இருந்தால் இங்கே விற்க முடியாது.

மகாராணி அந்த மெயிலை வாசித்துக் காட்டினாள். அவள் குரல் எப்போதும்போல இருந்தது.

"இல்லேன்னு போடு" என்றார் பாண்டியராஜன்.

"சாம்பிள்ல இருந்துச்சே மொதலாளி."

"அவன் கண்டானா? அது இல்லாட்டி டீ வெளுக்குமா? வெளுக்காட்டி எவன் வாங்குவான்? நீ போடு ஆத்தா. கப்பல்ல போற சரக்க ஒவ்வொரு பாக்கெட்டா பிரிச்சா பார்க்கப் போறான்?"

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கே பிரித்துப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். மாதக்கணக்காக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. கடிதத்தை டைப் செய்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. அவளே தன் பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தாள்.

"ஒரு கண்டெய்னர்தான கேட்டிருக்காக. ரெண்டாப் போட்டா வாடகை மிச்சம் மொதலாளி. அவுகளும் வாங்கிக்கிருவாக, நான் பேசுறேன்" என்றாள்.

அவர் யோசித்தார். பேக்கிங் மெஷின் புதுசாக வாங்க வேண்டும். பணம் புரட்ட வேண்டும். குரங்கணிக்கு மேலே அவர் அப்பா காலத்து ஏலக்காய்த் தோட்டம் ஒன்று இருந்தது. "அத பேங்குல வச்சுக்கிட்டா என்ன?" என்று அவரே கேட்டார்.

"சரக்கு போயி எறங்குனா மீட்டுரலாம்ல மொதலாளி" என்றாள் மகாராணி.

சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறிய அன்றைக்குக் கம்பெனியில் சாமி படத்துக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். பாண்டியராஜன் அவளுக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், அவள் தன் கைபேசியிலிருந்து ஜெர்மனியின் உணவுக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு எழுதினாள். கண்டெய்னர் எண், கப்பல் பெயர், பொடியின் எண். தற்செயலாக மாட்டட்டும் என்று விட்டுவைக்க அவளுக்கு மனசில்லை. அனுப்பிவிட்டு டிபன் பாக்சைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

சரக்கை ஜெர்மனித் துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார்கள். சோதித்தார்கள். இரண்டு கண்டெய்னரையும் அழித்தார்கள். அழித்த செலவும் கம்பெனி தலையில் விழுந்தது. வியாபாரி கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார், பொய்க் கடிதத்துக்கு வழக்கும் போட்டார். பேங்க் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. போடியில் செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. 'வெள்ளைக்காரன் மண்ணுல கொட்டக்கூட மாட்டேன்னுட்டானாம்' என்றார்கள். ஜீப் ஸ்டாண்டுக் கடைகளில் சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளை இறக்கிவிட்டார்கள். கம்பெனி வாசலில் பூட்டு விழுந்தது. பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் மறுபடியும் மலைக்கு ஜீப் ஏறினார்கள். அவர்களில் சிலர் மகாராணியைத் தெருவில் பார்த்து, "ஒனக்கும் வேல போச்சாக்கா?" என்று பரிதாபப்பட்டார்கள்.

பூட்டு விழுந்த அன்றைக்கு அவள் கறி எடுத்தாள். மிளகு தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தாள். லிங்கேஸ்வரன் வாயில் சோறு இறங்கவில்லை.

"பாவம்டி அண்ணே" என்றான்.

"சாப்பிடுங்க மாமா. ஆறிப்போகுது."

ஒரு வாரம் கழித்துப் பாண்டியராஜன் வந்தார். இந்தத் தடவை பையில் ஒன்றும் இல்லை. காரும் இல்லை. வேட்டி கசங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் லிங்கேஸ்வரனின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். மூச்சுக்காற்று மெஷின் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

"எவனோ காட்டிக் குடுத்துட்டான்டா லிங்கு. கண்டெய்னர் நம்பரோட எழுதிப் போட்டிருக்கான். நம்ம உப்பத் தின்னவன் எவனோதான். நாசமாப் போவான்."

லிங்கேஸ்வரன் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தான். மகாராணி அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் காட்சிக்காகத்தான் அவள் காத்திருந்தாள். ஆனால் யார் செய்தது என்று அவனுக்குத் தெரியாமல் அவன் அழுவது பாதி அழுகையாகத்தான் அவளுக்குப் பட்டது.

"நான்தான் எழுதிப் போட்டேன்" என்றாள்.

பாண்டியராஜனுக்குப் புரியவில்லை. "என்ன ஆத்தா?"

"நம்பரு, கப்பலு, எல்லாம் நான் எழுதுனது. ரெண்டு கண்டெய்னராப் போடச் சொன்னதும் நான்தான. தோட்டத்த வைக்கிறப்ப வேணாம்னு ஒரு வார்த்த சொன்னேனா?"

"ஒனக்கு வேல குடுத்தேனே. ஒன் மகளுக்கு ஃபீஸ் கட்டுனேனே."

"இவரப் பீடிக்குடியன்னு சொன்னீகள்ல."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"மகாராணி!" லிங்கேஸ்வரன் கத்தினான். கத்தியதில் இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்க வெகுநேரம் ஆனது. "என்னைய ஒரு வார்த்த கேட்டியாடி? நான் எதுக்குத் தலையாட்டுனேன்னு ஒனக்குத் தெரியுமா?"

"சோறு போட்டவருன்னு சொன்னீக."

"சோத்துக்கா? விசாரணைக்கு மொதநா அண்ணே என்கிட்ட வந்து சத்தியம் பண்ணாரு. கேச விட்டுட்டா ரூமுக்கு ஃபேன மாட்டுறேன், வர்றவனுக்கெல்லாம் நல்ல மாஸ்க் வாங்கித் தர்றேன்னாரு. எனக்குத்தான் போயிருச்சு, அடுத்து நிக்கிறவனாச்சும் பொழைக்கட்டும்னு ஆட்டுனேன்."

மகாராணி புருசனையே பார்த்தாள். இரண்டு வருஷமாக இவனைக் கோழை என்று மனசுக்குள் வைதுகொண்டிருந்தாள்.

"எந்த ஃபேன் மாமா?" என்றாள் மெதுவாக. "நான் சேர்ந்து கொஞ்ச நாள்ல கழத்திட்டாங்க. ஓட்டையில மறுபடியும் பலகைதான். பிச்சைமணி மூஞ்சியில துண்டக் கட்டிக்கிட்டுத்தான் கலக்குனான். போன மழையிலருந்து அவனுக்கும் இருமல்."

லிங்கேஸ்வரன் பாண்டியராஜனின் கையிலிருந்து தன் கையை எடுத்தான். "அண்ணே?"

பாண்டியராஜன் தரையைப் பார்த்தார். "பொடி பறந்துச்சுடா. அது என்ன வெலைன்னு ஒனக்குத் தெரியாததா?"

லிங்கேஸ்வரன் முகம் அப்படி மாறி மகாராணி பார்த்ததே இல்லை. மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கிப் போட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"எந்திரிங்க."

"டேய், லிங்கு..."

"எந்திரிச்சு வெளிய போங்க. போயி, அந்த ஆபீசர்ட்ட சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுங்க. நான் தலையாட்டுனத எனக்குத் திருப்பிக் குடுங்க. இல்லாட்டி இந்த மிஷினத் தூக்கிக்கிட்டு ஒங்க வாசல்ல வந்து ஒக்காருவேன். அங்கயே சாவேன். என்னையத் தாண்டித்தான் ஒங்க பேத்தி பள்ளிக்கூடம் போவா."

அவர் போன பிறகு மகாராணி குழாயை எடுத்து அவன் மூக்கில் மாட்டப் போனாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டுத் தானே மாட்டிக்கொண்டான்.

"பிச்சைமணி இருமுறத நீ பார்த்துக்கிட்டேவா இருந்த?"

"மொதலாளி விழுகணும்ல மாமா. முன்னாடியே சொல்லியிருந்தா..."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பாண்டியராஜன் எழுதிக் கொடுக்கவில்லை. லிங்கேஸ்வரன் சொன்னதைச் செய்தான். ஒரு காலை ஆட்டோ பிடித்து, மெஷினையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் ஏற்றச் சொன்னான். மகாராணி ஏற்றினாள். பாண்டியராஜன் வீட்டு கேட்டுக்கு நேர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். மெஷினுக்குக் கரண்டு வேண்டுமே. எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டினாள். வயர் தெருவைக் குறுக்கே கடந்து கிடந்தது. பைக்கில் வந்தவர்கள் இறங்கித் தூக்கிப் பிடித்துத் தாண்டினார்கள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

கேட்பவர்களிடமெல்லாம் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். "நான் பீடி குடிச்சதில்லங்க. அத அண்ணே வந்து சொல்லணும். அதுக்காக ஒக்காந்திருக்கேன்."

பழைய பாக்கெட்காரப் பெண்கள் மலையிலிருந்து இறங்கியதும் ஜீப்பை அந்தத் தெருவில் நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார்கள். பாண்டியராஜன் வீட்டு ஜன்னல்கள் மூடியே கிடந்தன. வெளியூருக்குப் போகலாம் என்றால் கேட்டைத் திறக்க வேண்டும். பேத்தியைப் பின்பக்கச் சுவர் வழியாகத் தூக்கிவிட்டு அனுப்பினார்கள். அதைத் தெருவே பார்த்துச் சிரித்தது. கடைசியில் அவர் மனைவிதான் அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். "எழுதிக் குடுத்துத் தொலைங்க. பொம்பளப் புள்ளைய சொவரேத்துற நெலமைக்கு வந்துட்டோம்."

அவர் எழுதிக் கொடுத்தார். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புது அதிகாரி வழக்கைத் திரும்ப எடுத்தார். அது முடிவதற்குள் லிங்கேஸ்வரன் இறந்துவிட்டான். இழப்பீடு கொடுக்கச் சொன்ன தீர்ப்பில் அவனுடைய வேலை 'கலவையாளர்' என்று வந்திருந்தது. பழக்கவழக்கம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. கடைசிவரை அவன் மகாராணியோடு மாத்திரை, தண்ணீர், ஜன்னல் என்று வேண்டியதை மட்டும் பேசினான். அவள் கொடுத்ததைச் சாப்பிட்டான்.

பாண்டியராஜன் வீட்டையும் விற்றுவிட்டு மருமகனோடு தேவாரத்தில் இருந்தார். ஒருநாள் பஸ்சிலிருந்து மகாராணி அவரைப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய உரக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் மனசு இளகவில்லை. பஸ் திரும்பி அவர் மறைகிற வரைக்கும் கழுத்தை வளைத்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அதை அவள் தனக்குள் மறைத்துக்கொள்ளவில்லை.

அந்த மாசியில் ஒரு மத்தியானம் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் பை. வெயிலில் வந்த முகம். கையில் ஸ்கேன் படம் வைக்கிற பெரிய உறை.

"நான் சந்திரவல்லி. பிச்சைமணி வீட்டுக்காரி."

"உள்ள வாங்க" என்றாள் மகாராணி.

அவள் வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மதுரையில பார்த்தோம். ஆரம்பந்தானாம். ஆனா இனி பழையபடி ஆகாதாம்."

"நான் சாட்சி சொல்றேன். எந்த ஆபீசுன்னாலும் வர்றேன். எங்க வீட்டுக்காரருக்குக் கெடச்ச மாதிரி ஒங்களுக்கும் இழப்பீடு..."

"அதுக்கு வரல." சந்திரவல்லி அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவசரமே இல்லாத பார்வை. "எம் புருசன் துண்டக் கட்டிக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போறப்பெல்லாம் நீங்க ஆபீஸ்ல ஒக்காந்திருந்தீகளா?"

மகாராணிக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. தன் புருசன், பீடி, பாண்டியராஜன், ஜெர்மனி. இவள் அதையெல்லாம் ஏற்கெனவே கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"ஆமா" என்றாள்.

"அந்தப் பொடி என்ன செய்யும்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

சந்திரவல்லி தலையை ஆட்டிக்கொண்டாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மகாராணி காத்திருந்தாள். அவள் பையைத் தோளில் சரியாக ஏற்றிக்கொண்டு, உறை வெயிலில் சூடேறாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஒங்க மக பேரு அனுப்பிரியாதான?" என்று கேட்டாள்.

"ஆமா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.